‘மாத்தா வந்து பிடித்துக்கொண்டு போகும்’: பிள்ளைகளிடம் நாம் சொல்லும் பொய்களைப் பற்றி

ஐந்து வயது மகன் சோறு உண்ண அடம்பிடிக்கும்போது, “சாப்பிடலைனா மாத்தா வந்து புடிச்சிக்கிட்டுப் போயிடும்” என்று காவல்காரரைச் சொல்லி உங்கள் மாமியார் மிரட்டுவதாகவும், அவன் கைப்பேசி கேட்டு அழும்போது “டேட்டா முடிஞ்சு போச்சு” என்று நீங்களே சொல்லிவிடுவதாகவும், இரண்டும் பொய் என்பதால் மனம் உறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். நம் பெரியவர்கள் ஏன் இத்தனை பொய்களைச் சொல்லிப் பிள்ளை வளர்த்தார்கள், அதனால் நம்மிடம் ஏதாவது கெட்டுப்போயிற்றா, இன்றும் அதைத் தொடரலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

நான் மலேசியாவில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்தவள். 33 ஆண்டுகள் தமிழ்ப்பள்ளியில், பெரும்பாலும் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி ஓய்வு பெற்றவள். பொய் கேட்டு வளர்ந்த அனுபவமும், பொய் கேட்டு வளரும் பிள்ளைகளைக் காலையில் வகுப்பில் உட்கார வைத்த அனுபவமும் எனக்கு உண்டு. என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய தோட்டத்துப் பொய்களில் பாதி, வீட்டில் இருக்க முடியாத தாய்க்குப் பதிலாக நின்று காவல் காத்தவை. மற்றப் பாதி, பெரியவர்களின் அலுப்புக்காகவோ வேடிக்கைக்காகவோ சொல்லப்பட்டவை. முதல் வகையை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டாவதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கிறது.

எங்கள் ஊர் கோலசிலாங்கூர் மாவட்டத்திலுள்ள பெஸ்தாரி ஜெயா. 2007 வரை அதற்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். பழைய ஆட்கள் வாயில் இன்னமும் அதுதான் வருகிறது. பழைய பெயருக்கு மலாய்மொழியில் கொச்சையான ஒரு பொருளும் தொனிக்கும் என்பதால், அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்ட பிள்ளைகளுக்குப் பெற்றோர் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஊர்ப்பெயரிலேயே எங்களுக்குப் பொய் தொடங்கிவிட்டது என்று என் தங்கை வேடிக்கையாகச் சொல்வாள்.

ஊரைச் சுற்றி ஒரு புறம் தோட்டங்கள். இன்னொரு புறம், வெள்ளீயம் தோண்டி எடுத்த பிறகு கைவிடப்பட்ட குட்டைகள். ஈயக்குட்டை ஆற்றைப் போலக் கரையிலிருந்து சிறிது சிறிதாக ஆழமாவதில்லை. மேலே தெளிந்த நீர் அசையாமல் நிற்கும். இரண்டு எட்டு வைத்தால் மணல் காலடியில் சரிந்துவிடும். அந்தக் குட்டைக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்பது எங்கள் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் தெரியும். முழங்கால் வரை கூந்தல் உள்ளவள். கரைக்கு வரும் பிள்ளையின் கணுக்காலைப் பிடித்து இழுப்பாள். அதிலும் நீந்தத் தெரிந்தவனைத்தான் முதலில் பிடிப்பாள். இந்தக் கடைசி விவரத்தைக் கதையில் சேர்த்தவர் யாரென்று தெரியவில்லை. ஆனால் அவர் பிள்ளைகளை நன்றாக அறிந்தவர். நீந்தத் தெரியாதவன் தானாகவே நீருக்கு அஞ்சுவான். ஆற்றில் நான்கு முறை கைவீசிப் பழகிவிட்டு, குட்டையும் அப்படித்தான் என்று நினைப்பவனைத்தான் தடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பெண் ஏன் தேவைப்பட்டாள் என்பதற்கு என் அம்மாவின் ஒரு நாளைச் சொன்னால் போதும். நான்கு மணிக்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு, இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நிற்பார். பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, வெயில் ஏறுவதற்கு முன் வெட்டியாக வேண்டும்; சூரியன் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் பட்டையிலுள்ள பால்குழாய்களில் அழுத்தம் குறைந்து, பால் வடிவது தளர்ந்துவிடும். தம் நிறையில், அதாவது தம் வரிசையில், உள்ள மரங்களை எல்லாம் வெட்டி முடித்து, கோப்பைகளில் பால் சேரும்வரை காத்திருந்து, வாளியில் ஊற்றி, காண்டா என்னும் தோள்கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போய், நிறுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் கடந்திருக்கும். கைக்குழந்தைகள் ஆயாக் கொட்டகையில் கிடப்பார்கள். பெரிய பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகள் கொட்டகையை விட்டு ஓடித் திரிவார்கள். பள்ளி விட்ட பிறகு பெரிய பிள்ளைகளுக்கும் கேட்பார் இல்லை. பல வீடுகளில் பிற்பகலிலும் பெற்றோர் புல் வெட்டப் போய்விடுவார்கள். அப்படிப்பட்ட லயத்தில் நாள் முழுவதும், சம்பளம் கேட்காமல், குட்டைக்கரையில் ஒருத்தி காவல் இருந்தாள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்தபோது காவலுக்கும் ஆள் மாறியது. செம்பனைப் பழத்தைத் தின்ன எலி வரும். எலியைத் தின்னப் பாம்பு வரும். எலியைக் கட்டுப்படுத்த 1980களிலிருந்து தோட்டங்களில் கம்பம் நட்டு, அதன்மேல் கூகைகளுக்குப் பெட்டி வைக்கத் தொடங்கினார்கள். கூகை அலறினால் யாரோ ஒருத்தி வீறிட்டது போல் இருக்கும். பெட்டி வைத்தது நிர்வாகம் என்று தெரிந்தும், பெரியவர்கள் அந்தக் குரலை மோகினியின் குரல் என்றே பிள்ளைகளிடம் சொன்னார்கள். மலாய்க்கார அண்டை வீட்டினர் அதையே பொந்தியானாக் என்றார்கள். இரவில் செம்பனை நிறைக்குள் எந்தப் பிள்ளையும் கால் வைத்ததில்லை.

தோட்டப்புறத்துப் பிள்ளைக்கு ஒரு சிறப்பு உண்டு: மூன்று இனத்தாரின் பொய்களும் அதற்கு வந்து சேரும். மாலை மயங்கும் நேரத்தில் கண்ணாமூச்சி ஆடினால் ஹந்து கொபேக் என்னும் பேய் பிள்ளையைத் தூக்கி ஒளித்துவைத்துவிடும் என்று மலாய்ப் பெண்கள் எச்சரிப்பார்கள். தலையணையில் உட்கார்ந்தால் பின்புறத்தில் கட்டி வரும் என்பதும், அடுக்களையில் பாடினால் கிழவன்தான் மாப்பிள்ளையாக வருவான் என்பதும் அவர்கள் வீட்டுச் சரக்குத்தான். சாமான்கடைத் தவுக்கேயின், அதாவது சீன முதலாளியின், மனைவியோ, தட்டில் எத்தனை சோற்றுப் பருக்கை மிஞ்சுகிறதோ அத்தனை அம்மைத் தழும்பு உனக்கு வரப்போகிறவன் முகத்தில் இருக்கும் என்பார். நிலவை நோக்கி விரல் நீட்டினால் காது அறுந்துபோகும் என்பதும் சீனர் வீடுகளில் கேட்டதே. நம் பங்குக்கு நாம், இரவில் சீழ்க்கையடித்தால் பாம்பு வரும் என்றும், காப்பி குடித்தால் கறுத்துப்போவாய் என்றும், ரம்புத்தான் கொட்டையை விழுங்கினால் வயிற்றில் மரம் முளைத்துக் கிளை காது வழியாக வெளியே வரும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம். ரம்புத்தான் கொட்டை சிறுபிள்ளையின் தொண்டையை அடைத்துவிடும் அளவு உடையது. தலையணை கிழிந்தால் பஞ்சுக்குக் காசு வேண்டும். காப்பித்தூளும் சீனியும் கடன் புத்தகத்தில் ஏறுபவை. இவற்றில் பலவற்றைச் சுரண்டிப் பார்த்தால் உள்ளே ஓர் அபாயமோ ஒரு செலவோ இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்றைச் சொல்ல வேண்டும். “பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்.” பொய்யைத் தடுக்கச் சொன்ன பொய் இது. முதலாம் ஆண்டில் ஒரு சிறுமி என்னிடம் மிகவும் அமைதியாகக் கேட்டாள்: “டீச்சர், அப்போ எங்க ஆத்தாவுக்குக் கண்ணு நல்லாத்தானே இருக்கு?” நான் சுவரிலிருந்த அட்டவணையைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

காவல் பொய்கள் எல்லாம் பலித்தன என்று நினைத்துவிடாதீர்கள். பாலை உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்தைச் சில வீடுகளில் பழைய பானப் போத்தலில் ஊற்றி வைத்திருப்பார்கள். செம்பனைக்கு அடிக்கும் களைக்கொல்லிகளும் அப்படித்தான் சிறு போத்தல்களில் வீட்டுக்கு வந்தன. அவற்றுள் பாராகுவாட் என்பது ஒரு மிடறு உள்ளே போனாலும் நுரையீரலைக் கெடுத்து உயிரை வாங்கக்கூடியது. இந்நாட்டில் அது 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் தடை செய்யப்பட்டது. எங்கள் லயத்தில் ஒரு தாய், அமிலப் போத்தலைக் காட்டி, “அது பேய் குடிக்கிற தண்ணி, தொடாத” என்று மகனுக்குச் சொல்லி வைத்திருந்தார். பேய் குடிக்கும் நீர் எப்படி இருக்கும் என்று அறிய எந்தப் பிள்ளைக்குத்தான் ஆசை வராது? நுனிநாக்கில் வைத்துப் பார்த்தவன், நாக்கு வெந்து, மூன்று நாள் கஞ்சி குடிக்கவும் அழுதான். அதே வீட்டில் அடுப்பைப் பற்றி ஒரு பொய்யும் கிடையாது. “சுடும்” என்ற ஒரே சொல்தான். அந்தப் பையன் அடுப்புப் பக்கம் போனதே இல்லை. குட்டையின் ஆழத்தைப் பிள்ளை கண்ணால் பார்க்க முடியாது. ஆகவே அங்கே ஒரு பெண்ணை உட்கார வைக்க வேண்டியிருந்தது. அமிலத்தின் எரிச்சலைச் சொல்ல ஒரு சொல் இருக்கும்போது பேயைக் கூப்பிட்டது வீண்; வீண் மட்டுமன்று, அதுவே ஆசையையும் மூட்டிவிட்டது.

இனி, “உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம்.” இதைக் கேட்காத தமிழ்ப் பிள்ளை அபூர்வம். எங்கள் வீட்டில் தவிடு மைலோ டின்னாக மாறியிருந்தது: காலி டின் இரண்டைக் கொடுத்துத் தங்கையைச் சீனரிடம் வாங்கியதாகச் சித்தப்பா சொல்வார். தங்கை ஒரு நாள் இரண்டு டின்களைத் தேடி எடுத்துக்கொண்டு, தன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று கடைக்குக் கிளம்பிவிட்டாள். வீடே சிரித்தது, அவள் இன்றுவரை சிரிக்கவில்லை.

ஆனால் இந்தக் கேலிக்குப் பின்னால் ஒரு பழைய சடங்கு இருக்கிறது. அடுத்தடுத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில், புதிதாகப் பிறந்த பிள்ளையைக் குப்பைமேட்டில் கிடத்துவார்கள். வேறொரு பெண் அதை எடுத்துக்கொள்வாள். பெற்றவள் அவளிடம் சிறிது தவிட்டைக் கொடுத்து, விலைக்கு வாங்குவது போலத் தன் பிள்ளையையே திரும்ப வாங்கிக்கொள்வாள். தவிட்டுக்கு மேல் மதிப்பில்லாத இந்தப் பிள்ளையை எமன் எடுத்து என்ன செய்யப்போகிறான் என்பது கணக்கு. குப்பன், குப்பம்மாள், பிச்சை, தவிட்டான் என்று நம் முன்னோர் பட்டியலில் வரும் பெயர்கள் பலவும் இப்படி வந்தவை. கப்பலேறி மலாயாவுக்கும் வந்து, தோட்டத்துச் செக்ரோல் என்னும் ஆள் பதிவேட்டில் ஏறிய பெயர்கள். ஆகவே அந்தப் பொய் முதலில் பிள்ளையிடம் சொன்னதன்று. எமனிடம் சொன்னது. பிள்ளையைக் காக்க எமனை ஏமாற்றிய பேச்சு, சடங்கு மறைந்த பிறகு, பிள்ளையையே அழவைக்கும் வேடிக்கையாகத் தங்கிவிட்டது. பொய்கள் இப்படித் தங்கள் வேலை போன பிறகும் வீட்டை விட்டுப் போவதில்லை. உங்கள் மாமியாரின் மாத்தாவும் அந்த வகைதான் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளையை அடக்குவதற்காக அன்றி, தாங்க முடியாத ஒன்றைத் தள்ளிப்போடுவதற்காகச் சொல்லும் பொய் தனி வகை. என் தாத்தாவை 1943இல் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் பாதையை இணைத்துவிட்டார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் அழைத்துப்போன தமிழர்கள் காலராவிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் அங்கே ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். போர் முடிந்து சிலர் திரும்பினார்கள். தாத்தா திரும்பவில்லை. அவர் இறந்த செய்தியைக் கூடச் சென்ற ஒருவர் வந்து பாட்டியிடம் சொல்லிவிட்டார். அப்போது என் அப்பாவுக்கு ஒன்பது வயது. “சயாம்ல வேல முடியல, சம்பளத்த வாங்கிக்கிட்டு வந்துடுவாரு” என்று பாட்டி அவரிடம் சொன்னார், அடுத்த தீபாவளிக்கும் அதையே சொன்னார், அதற்கடுத்த தீபாவளிக்கும்.

பல ஆண்டுகள் கழித்து நான் அப்பாவிடம், உண்மை தெரிந்தபோது பாட்டிமேல் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். முடிவெட்டும் கடையில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டு, முதல் தீபாவளிக்கு முன்பே தமக்குத் தெரிந்துவிட்டதாகச் சொன்னார். “தெரியும்னு சொன்னா அம்மா ஒடஞ்சிடுவாங்கனு நெனச்சேன். நம்புறமாரியே இருந்துட்டேன்.” பொய்யைச் சொன்னவர் பாட்டி, அதைக் கட்டிக் காத்தவர் ஒன்பது வயதுப் பையன். இது சரியா தவறா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல இயலவில்லை. அந்தப் பையனோடு அழுவதற்கு அந்த இரண்டு ஆண்டுகளில் யாரும் இல்லை என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. வீட்டில் ஒரு சாவு நேர்ந்தால், ‘வெளியூர் போயிருக்கிறார்’ என்று சொல்லாதீர்கள் என்று பெற்றோர்களிடம் நான் சொல்லி வந்ததற்கு என் அப்பாதான் காரணம்.

பெற்றோர் பொய்க்கு வக்காலத்து வாங்குபவர்கள் வள்ளுவரைத் துணைக்கு அழைப்பார்கள். “பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்” என்ற 292ஆம் குறள் அவர்களுக்கு மனப்பாடம். அதில் ‘நன்மை’ என்ற சொல்லை மட்டும் கேட்டுவிட்டு, அதன் முன்னே நிற்கும் ‘புரைதீர்ந்த’ என்பதை விட்டுவிடுகிறார்கள். குற்றம் கலவாத நன்மையாக இருக்க வேண்டும் என்கிறார் அவர். பிள்ளை குட்டையில் விழாமல் இருப்பது குற்றமற்ற நன்மை. பிள்ளை பத்து நிமிடத்தில் உண்டு முடித்தால் நான் தொடர் நாடகம் பார்க்கலாம் என்பது அதற்குள் அடங்காது.

மிரட்டலைப் பற்றி நம் இலக்கிய மரபில் ஓர் அழகான வழி இருக்கிறது. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்று ஒரு பகுதி உண்டு. பிள்ளையோடு விளையாட வரும்படி நிலவை அழைக்கும் பாடல்கள் அதில் வரும். சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நான்கு உபாயங்களையும் புலவர் அங்கே கையாள்வார்: நீயும் இவனும் ஒப்பானவர்கள் என்பார், வந்தால் இன்னது கிடைக்கும் என்பார், வராவிட்டால் தண்டனை உண்டு என்றும் எச்சரிப்பார். பெரியாழ்வாரின் யசோதையும், வராத நிலவின்மேல் கண்ணன் சக்கரத்தை எறிந்துவிடுவான் என்கிறாள். கவனியுங்கள்: மிரட்டல் முழுவதும் நிலவுக்கு. மடியிலிருக்கும் பிள்ளை மிரட்டுபவரின் பக்கத்தில் இருக்கிறது. நிலாச்சோறு ஊட்டிய தாய்மார் எல்லோரும் இதை அறியாமலே செய்தார்கள். “நீ சாப்பிடலைனா நிலா வந்து சாப்பிட்டுடும்” என்பதும் பொய்தான். ஆனால் அந்தப் பொய்யில் தாயும் பிள்ளையும் ஒரே அணி. “நீ சாப்பிடலைனா உன்னைப் புடிச்சிக் குடுத்துடுவேன்” என்னும்போது தாய் எதிரணிக்குப் போய்விடுகிறாள்.

ஆய்வாளர்கள் கண்டதும் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. கேல் ஹேமன், கேங் லீ முதலியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், பிள்ளையை வழிக்குக் கொண்டுவரப் பொய் சொன்னதுண்டு என்று அமெரிக்கப் பெற்றோரில் 84 விழுக்காட்டினரும் சீனப் பெற்றோரில் 98 விழுக்காட்டினரும் ஒப்புக்கொண்டார்கள். இரு நாடுகளிலும் மிகுதியாகச் சொல்லப்பட்ட பொய் ஒன்றே: “நீ வரலைனா உன்னை விட்டுட்டுப் போயிடுவேன்.” நம்மூர்ச் சந்தையில் வாரந்தோறும் கேட்பதுதான். இதனால் பிள்ளை என்ன ஆகிறது என்பதற்கு, அருகிலுள்ள சிங்கப்பூரில் 379 இளைஞர்களிடம் நடத்தி 2020இல் வெளிவந்த ஆய்வு ஒன்று உண்டு. சிறு வயதில் பெற்றோரிடம் அதிகம் பொய் கேட்டதாகச் சொன்னவர்கள், வளர்ந்தபின் பெற்றோரிடம் தாங்களும் அதிகம் பொய் சொல்வதாகச் சொன்னார்கள். வாழ்க்கையோடு ஒட்டிப்போவதிலும் அவர்களுக்குச் சிக்கல் கூடுதலாக இருந்தது. ஆனால் இது அவர்கள் நினைவிலிருந்து சொன்னது. பொய்தான் காரணம் என்று இதைக் கொண்டு முடிவு கட்டிவிட முடியாது. வீட்டில் வேறு கசப்புகள் இருந்தவர்களுக்குப் பொய்களும் நன்றாக நினைவிருக்கலாம்.

இதைவிட என்னை யோசிக்க வைத்தது 2014இல் வெளியான ஒரு சோதனை. மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள 186 பிள்ளைகள். சிலரிடம் மட்டும், பக்கத்து அறையில் கிண்ணம் நிறைய மிட்டாய் இருக்கிறது என்று பொய் சொல்லி அழைத்தார்கள். பிறகு அது பொய் என்று சொல்லிவிட்டார்கள். அடுத்து ஒரு விளையாட்டில், முதுகுக்குப் பின்னாலுள்ள பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். பொய்க்கு ஆளாகாத பள்ளி வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர், பார்க்கவில்லை என்று பொய் சொன்னார்கள். பொய்க்கு ஆளானவர்களில் கிட்டத்தட்ட 80 விழுக்காட்டினர் பார்த்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட 90 விழுக்காட்டினர் பொய் சொன்னார்கள். பள்ளி வயதை எட்டாத சிறுவர்களிடம் இந்த வேறுபாடு தென்படவில்லை. உங்கள் மகன் சரியாக அந்த வாசலில் நிற்கிறான்.

இப்போது டேட்டாவுக்கு வருகிறேன். “டேட்டா முடிஞ்சு போச்சு” என்று அவனிடம் சொன்ன கால் மணி நேரத்தில் நீங்கள் உங்கள் தங்கையோடு காணொளியில் பேசியிருப்பீர்கள். குட்டைக்குள் அந்தப் பெண் இல்லை என்று கண்டுபிடிக்க எங்களுக்குப் பத்து வயது ஆகவேண்டியிருந்தது. இதைக் கண்டுபிடிக்க அவன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே வேண்டாம். அதைவிட முக்கியம், என் அம்மா பொய் சொன்னது அருகில் இல்லாததால். நீங்கள் அருகிலேயே இருக்கிறீர்கள். “இன்னைக்கு இவ்வளவுதான், நாளைக்குச் சாயங்காலம் திரும்பத் தரேன்” என்று சொன்னால் அவன் அழுவான். முதல் வாரம் நன்றாகவே அழுவான். அந்த அழுகையை உட்கார்ந்து கேட்கும் நேரம் என் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை, உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. மறுநாள் சாயங்காலம் கேட்காமலே எடுத்துக் கொடுங்கள், அது போதும்.

மாத்தா விஷயத்தில் நான் சற்றுக் கடுமையாகவே இருப்பேன். மலாய்மொழியில் ‘மாத்தா’ என்றால் கண். காவல்காரர்களை ‘மாத்தா மாத்தா’ என்று அழைத்த பழைய வழக்கு, மலாய்ப் பேச்சில் தேய்ந்துவிட்டும் நம் தமிழில் தங்கிவிட்டது. ஒரு தைப்பூசத்தன்று பத்துமலைக் கூட்டத்தில் என் மாணவன் ஒருவன் பெற்றோர் கையை விட்டுவிட்டான். ஆறு வயது. அவனைத் தேடி ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள், காவலர்களும் தேடினார்கள். பையன் சீருடையைக் கண்ட மாத்திரத்தில் மாலைக்கடை மேசைக்கு அடியில் புகுந்து, சாக்கை இழுத்து மூடிக்கொண்டு, இரண்டு மணி நேரம் மூச்சுக் காட்டாமல் இருந்தான். தேடி வந்தவர்கள் மேசையைக் கடந்து போவதை அவன் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். கடைக்கார அம்மாள் பூக்கூடையை எடுக்கக் குனிந்தபோதுதான் கண்டார். சரியாகச் சாப்பிடாததால் தன்னைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று நினைத்ததாக மறுவாரம் வகுப்பில் என்னிடம் சொன்னான். குட்டைப் பெண்ணைக் கண்டு அஞ்சிய பிள்ளை அபாயத்திலிருந்து விலகி ஓடியது. மாத்தாவைக் கண்டு அஞ்சிய பிள்ளை உதவியிலிருந்து விலகி ஓடுகிறது.

மனிதர்களையே பூச்சாண்டி ஆக்குவதில் இன்னொரு கெடுதலும் உண்டு. பாலம் கட்டத் தலை வேண்டுமென்று தலைவெட்டிகள் அலைவதாக எங்கள் சிறு வயதில் அடிக்கடி ஒரு வதந்தி கிளம்பும். அப்போது சாக்கு தூக்கிய எந்த ஏழையும், எந்த வழிப்போக்கனும் தலைவெட்டிதான். இன்று செம்பனைக் காட்டில் வேலை செய்யும் வங்காளதேசத்து இளைஞர்களைக் காட்டி, “அந்த பங்களா புடிச்சிட்டுப் போயிடுவான்” என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்கிறேன். ஒரு காலத்தில் வேறு வீடுகளில், “கறுப்பா ஒரு ஆள் வந்து தூக்கிட்டுப் போயிடுவான்” என்று நம்மைக் காட்டித்தான் பிள்ளைகளை உறங்க வைத்தார்கள். சந்தையில் என்னைக் கண்டதும் ஒரு குழந்தை தாயின் காலைக் கட்டிக்கொண்டு அலறியது. தாய் வெட்கப்பட்டுச் சிரித்தார். அதை அனுபவித்த நாம் இன்னொருவரை அப்படிக் கைகாட்டக்கூடாது.

உங்கள் மாமியாரிடம் ஆய்வையும் விழுக்காட்டையும் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் சண்டைதான் மிஞ்சும். அவரும் ஏதோ ஒரு தோட்டத்தில் வளர்ந்தவராகத்தான் இருப்பார். அடுத்த முறை பேரனுக்குச் சோறு ஊட்ட உட்காரும்போது, “அத்தை, நீங்க சின்னப் பிள்ளையா இருக்கறப்ப உங்க தோட்டத்துல என்ன பேய் இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டு, பக்கத்தில் நீங்களும் உட்கார்ந்துகொள்ளுங்கள். கதை முடிவதற்குள் தட்டு காலியாகியிருக்கும். நடுவில் பையன், “நெசமாவா பாட்டி?” என்று கேட்டால், பதிலை அவரிடமே விட்டுவிடுங்கள்.